அப்பாயி... ஆயில் பெயின்ட்டிங்கில்!

கையில் கேமரா போன் இருக்கு, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கீங்க... அப்படின்னா பெரம்பலூரில் துறையூர் பஸ் ஏறி, குரும்பலூரில் இறங்கிடுங்க. 'அங்கே காலேஜை விட்டா என்ன இருக்கு?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. போட்டோவைப் பழங்கால ஆயில் பெயின்ட்டிங் மாதிரி மாத்திப் பார்க்கணும்னா, இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது.

சாயங்காலம் நாலரைக்கு மேல வாங்க. மேற்கே பச்சைமலை. பேர்தான் பச்சை, தூரத்தில் இருந்து பார்த்தா நீலம்! பழைய ஓவியர்களுக்கு இந்த நீலம் ரொம்ப வேண்டப்பட்ட விஷயம். கிட்ட இருப்பதை அடர்ந்த பழுப்பிலும், தூரத்தில் இருப்பதை வெளுத்த நீலத்திலும் தீட்டித்தான் தட்டையான துணியில் ஆழத்தைக் கொண்டுவந்தாங்க. குரும்பலூரில் அது இலவசம். முன்னால மக்காச்சோளக் காடு, நடுவுல சின்ன வெங்காயப் பட்டறை, பின்னால மலை. சாய்வான வெயில் ரொம்ப முக்கியம். உச்சி வெயிலில் எடுத்த படத்துக்கு எந்த ஃபில்டர் போட்டாலும் வேலைக்கு ஆகாது.

நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். பட்டறை ஓரமா உட்கார்ந்து வெங்காயத் தாள் கிள்ளிக்கிட்டு இருந்த எங்க அப்பாயியை ஒரு கிளிக். ஏதோ ஒரு ஆப்பில் போட்டு பட்டனை அழுத்தினா... ஆஹா, அரண்மனைச் சுவரிலேயே மாட்டலாம்! ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "யாரு சாமி இந்தப் பொம்பள?"ன்னு கேட்டுச்சு.

முகத்துச் சுருக்கமெல்லாம் காணோம். அதுகூடப் பரவாயில்லை. இடது கையில் பச்சை குத்தியிருந்த பேரும் காணோம். சின்ன வயசிலேயே செத்துப்போன அதோட தம்பி பேரு அது. அந்தத் தம்பிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் இருந்ததுக்கு மிச்சம் இருக்கிற ஒரே அடையாளம் அந்தக் கைதான்.

ஏன் அழிஞ்சுது தெரியுமா? ஆயில் ஃபில்டர்களில் ரொம்பப் பழைய டெக்னிக் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதுக்குள்ள எந்த நிறம் அதிகமா இருக்குன்னு எண்ணும். மெஜாரிட்டி எதுவோ, அதுதான் அந்தப் புள்ளியின் நிறம். அதனாலதான் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி திட்டுத் திட்டா வருது. மெல்லிய கோடு எப்பவும் மைனாரிட்டி. சுருக்கம், தாலிக் கயிறு, பச்சை குத்தின எழுத்து எல்லாம் டெபாசிட் காலி! சரி, ஏஐ-கிட்ட கொடுக்கலாம்னா, அது படத்தையே புதுசா வரையும். எழுத்து புரியலைன்னா, அதுவா கற்பனை பண்ணி வேற பேரைக்கூட எழுதி வைக்கும்.

படத்தை முதலில் லென்ஸில் பிடிச்சு, பிறகு ஆயிலில் தீட்டுறது ஒண்ணும் புது ஐடியா இல்லை. இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியல், சகோதரர் மகன் வில்லியமோட 1792-ல் நம்ம பக்கம் சுத்தினப்போ, திருச்சி மலைக்கோட்டையையும் வரைஞ்சார். கூடவே 'கேமரா அப்ஸ்க்யூரா'ன்னு ஒரு கருவி. லென்ஸ் வழியா காட்சி காகிதத்தில் விழும்; அது மேலேயே பென்சிலை ஓட்டிக்கலாம். ஊருக்குத் திரும்பினதுக்கப்புறமும், வருஷக்கணக்கா நிதானமா ஆயில் ஓவியங்களைத் தீட்டினாங்க. எதை விடணும், எதை வெச்சுக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணினாங்க.

நம்ம ஊர் ஸ்டுடியோ ஆர்ட்டிஸ்ட்டுகளும் கில்லாடிங்கதான். கறுப்பு-வெள்ளை போட்டோ மேல கலர் தீட்டின காலத்தில், புடவைக்கும் நகைக்கும் பெயின்ட்டை அப்பினாலும், முகத்தில் லேசாத்தான் தடவுவாங்க. முகம் மாறிட்டா வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா?

நானும் அதே வழிக்கு வந்துட்டேன். ஜிம்ப்னு ஒரு சாஃப்ட்வேர், காசே கிடையாது. படத்தைத் திறந்து, லேயரை டூப்ளிகேட் பண்ணுங்க. மேல் லேயருக்கு மட்டும் 'ஆயிலிஃபை' ஃபில்டர். வட்டத்தைப் பெருசாக்கினா பிரஷ்ஷும் பெருசாகும். அடுத்து, அதே லேயருக்கு வெள்ளை மாஸ்க் போட்டு, முகம், கை இருக்கும் இடத்தில் கறுப்பு பிரஷ்ஷால் மெதுவா தேய்ங்க. கீழே இருக்கும் ஒரிஜினல் எட்டிப் பார்க்கும். அரைகுறையா தெரியணும்னா சாம்பல் நிறத்தில் தேய்ங்க. பெரிய பிரின்ட் போடுறதா இருந்தா முழு சைஸ் படத்திலேயே வேலை பாருங்க. செல்போன் சைஸுக்குச் சரியா இருந்த வட்டம், பெரிய படத்தில் இருக்கிற இடமே தெரியாது. ஒரிஜினல் ஃபைலைத் தனியா பத்திரப்படுத்த மறந்துடாதீங்க, ப்ளீஸ்.

'பழசு' லுக் வேணுமா? ஆயில் ஓவியத்தில் எண்ணெயும் மேல பூசின வார்னிஷும் வருஷம் போகப் போக மஞ்சளாகும். அதனால கலர் பேலன்ஸில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிவப்பு. ஓரங்களை இருட்டாக்குங்க. அவ்வளவுதான்.

பிரின்ட் போட்டு ஃப்ரேமோட கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பாயி முதல்ல முகத்தைப் பார்க்கலை. படத்தில் இருந்த கை மேல விரலை வெச்சு, எழுத்து எழுத்தா தடவிச்சு. ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் நிமிர்ந்து கேட்டுச்சு: "அதெல்லாம் சரிதான்... எனக்கு ஏன்டா மஞ்சக்காமாலை வந்திருக்கு?"

மஞ்சளைப் பாதியா குறைச்சு, மறுபடியும் பிரின்ட்டுக்குக் கொடுத்திருக்கேன்.