சுமையின் அளவும் வாகனத்தின் சக்தியும்





அந்நஹ்ல் அத்தியாயத்தின் 7-ஆம் வசனத்தில், பெரும் சிரமமின்றி நாம் சென்றடைய முடியாத ஊர்களுக்கு நம் சுமைகளைக் கால்நடைகள் சுமந்து செல்வதை அல்லாஹ் ஓர் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். அதற்கடுத்த வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நாம் அறியாத பலவற்றையும் தான் படைப்பதாகக் கூறுகிறான். இன்றைய வாகனங்கள் யாவும் அந்த வசனத்தின் விரிவுக்குள் அடங்கும் என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எளிது. வாகனமும் ஓர் அருட்கொடை எனில் அதன் மீது எவ்வளவு ஏற்றலாம் என்பதும் மார்க்கத்துக்குட்பட்ட கேள்வியே என்பதை, சொந்தப் பணத்தை எண்ணி வைத்து ஒரு வண்டியைத் தேர்வு செய்ய நேர்ந்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் வசிக்கிறோம். என் மனைவியின் அண்ணன் வேலை மாறுதலால் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, தாம் வைத்திருந்த ஃபிஃப்த் வீல் கேம்பரை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றார். அது உறங்கும் அறை, அடுப்படி, குளியலறை எல்லாம் கொண்ட இழுவை வீடு. வழியில் ஹலால் உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை. உளூச் செய்ய நீர் உண்டு. பெண்கள் மறைவாகத் தொழ இடம் உண்டு. முழங்கால் வலியால் ஹோட்டல் படிகளுக்கு அஞ்சும் என் உம்மாவுக்கு அவருக்கென ஒரு படுக்கையும் உண்டு. கொலராடோ மலைகளைப் பார்க்க வேண்டும் என்று உம்மா ஆசைப்பட்டு வெகுநாளாகிறது. வீடு கிடைத்துவிட்டது, அதை இழுக்கும் பிக்கப் டிரக் மட்டும் எங்களிடம் இல்லை.

ஃபிஃப்த் வீல் என்னும் பெயர் குதிரை வண்டிக் காலத்தது. முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாட்டில் பொருத்தப்பட்ட வட்டத் தகட்டை அன்று ஐந்தாம் சக்கரம் என்றனர். இன்று டிரக்கின் திறந்த சரக்குத் தொட்டியினுள், பின் அச்சுக்கு மேலாக, ஹிட்ச் என்னும் இணைப்புக் கருவியைப் பொருத்துகிறார்கள். கேம்பரின் முன்பகுதியிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் கிங்பின் என்னும் தடித்த முளை அதில் பூட்டிக்கொள்கிறது. டிரக்கின் பின் பம்பருக்கு அடியில் கோத்து இழுக்கும் கேம்பர்களைவிட இது காற்றில் குறைவாகவே ஆடும். ஆனால் அந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு. கேம்பரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரடியாக டிரக்கின் முதுகில் வந்து அமர்கிறது. ஆக, டிரக் இழுப்பது மட்டுமன்றிச் சுமக்கவும் வேண்டும்.

விளம்பரங்கள் உரக்கச் சொல்வது இழுவைத் திறனை. ஒரு குடும்பத்தின் பாதுகாப்பைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் சுமைத் திறன். ஓட்டுநரின் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் மஞ்சள் கரை கொண்ட ஒரு வில்லை ஒட்டப்பட்டிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அது சொல்லும். ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே நிறம் கொண்ட இரு வண்டிகளில்கூட இந்த எண் வேறுபடும். நான்கு சக்கர இயக்கம், தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என வசதிகள் ஏற ஏற, வண்டியின் சொந்த எடை கூடிச் சுமைத் திறன் குறையும்.

எங்கள் கேம்பரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 12,000 பவுண்டு, அதாவது சுமார் 5,443 கிலோ. தயாரிப்பாளர் தரும் வெற்று எடை இதைவிட வெகு குறைவு. ஆனால் வெற்றுக் கேம்பரில் யாரும் பயணம் போவதில்லை. உளூவுக்கும் சமையலுக்கும் என 189 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 189 கிலோ ஏறிவிடுகிறது. எனவே முழு எடையையே கணக்கில் கொண்டேன். அதில் ஐந்தில் ஒரு பங்கு 2,400 பவுண்டு. ஹிட்ச் 150. உம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர் என ஆறு பேருக்கு 800. தொட்டியில் வைக்கும் கருவிகளுக்கும் பெட்டிகளுக்கும் 200. மொத்தம் 3,550 பவுண்டு, ஏறத்தாழ 1,610 கிலோ.

இந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்க்கப் புறப்பட்டேன்.

அமெரிக்காவில் இவ்வகை டிரக்குகளை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று வகைப்படுத்துவது வழக்கம். ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, ஷெவ்ரோலே சில்வராடோ 1500 ஆகியவை அரை டன் வகை. எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 ஆகியவை முக்கால் டன். எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500 ஆகியவை ஒரு டன். இவை பழங்காலத்துச் சுமை அளவுகளின் மிச்சமான பெயர்களே. இன்றைய உண்மை எடைகள் இவற்றைக் கடந்துவிட்டன.

முதலில் போன விற்பனையகத்தில் அழகிய அரை டன் வண்டி ஒன்று நின்றது. எங்கள் கையிருப்புக்குள் அடங்கும் விலை. இந்தக் கேம்பரை இது அனாயாசமாக இழுத்துவிடும் என்றார் விற்பனையாளர். அவர் காட்டிய விளம்பரத் தாளின்படி இழுவைத் திறனில் குறையில்லை. கதவைத் திறந்து வில்லையைப் படித்தேன்: 1,640 பவுண்டு. எங்கள் தேவையில் பாதியைக்கூட அது எட்டவில்லை. அதைச் சுட்டிக்காட்டியபோது, எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை என்று சிரித்தார். பிறகு முக்கால் டன் டீசல் வண்டியைக் காட்டினார். இழுவிசையில் அது யானை. ஆயினும் டீசல் இயந்திரத்தின் எடையே கணிசமானது. அந்த வண்டியின் வில்லை 2,300 என்றது. இரண்டுக்கும் தவணைக் கடன் பத்திரம் தயாராக இருந்தது, வட்டி விகிதத்துடன்.

யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை என்ற சொல் என்னை விட்டு நீங்கவில்லை. அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு என எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஆண்டுதோறும் நான் பாடம் நடத்துகிறேன். வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்கள் அவர்கள். கடைத் தராசை மட்டுமே நினைத்து அதை நாம் ஓதுகிறோம். இழுவைத் திறனை முழுமையாக எண்ணிக்கொண்டு, ஏற்றும் சுமையைக் குறைத்துச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்பவனின் தராசும் சாய்ந்ததே. அந்தத் தராசில் அமர்ந்திருப்பவர்கள் அவனுடைய தாயும் பிள்ளைகளும்; எதிரே வரும் வண்டியில் இருக்கும் அறிமுகமில்லாத ஒரு குடும்பமும்.

நம் ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில் இஜாரா என்னும் வாடகைப் பாடத்தில் இதற்கு நெருக்கமான ஒரு சட்டம் உள்ளது. இன்ன அளவு கோதுமை ஏற்றுவதாகப் பேசி ஒருவர் ஒரு பிராணியை வாடகைக்கு எடுக்கிறார். பேசிய அளவைவிட அதிகமாக ஏற்றினால், கூடுதல் சுமைக்குரிய வாடகை அவர் மீது கடமையாகும். அதனால் பிராணி மடிந்தால் ஈட்டுப் பொறுப்பும் அவரைத் தொடரும். உரிமையாளர் உடனிருந்தாரா இல்லையா என்பது போன்ற விவரங்களை இமாம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். வாயில்லாப் பிராணியின் முதுகுக்கே இவ்வளவு கணக்கு. அன்சாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தன் பசியையும் களைப்பையும் முறையிட்ட நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இரும்பு முறையிடுவதில்லை. அது மலைச்சரிவில் பிரேக் சூடேறி நழுவும்போதும், வெயிலில் டயர் வெடிக்கும்போதும்தான் பேசும். அப்போது கேட்டுப் பயனில்லை.

வீட்டில் கலந்து பேசினோம். ஒரு டன் வண்டி வேண்டும். அதற்குரிய பணம் கையில் இல்லை. வட்டியில்லாத ஏற்பாடு எதுவும் எங்களுக்குக் கைகூடவில்லை. கடன் பத்திரத்தை என் மனைவி ஒருமுறை படித்துவிட்டு, “தொழுவதற்கு வசதியாகப் போகத்தானே இந்த வண்டி? வட்டி கட்டிக்கொண்டே போய்த் தொழுவதா?” என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் விவாதிக்க எதுவுமில்லை.

எஞ்சிய வழி காத்திருப்பது. உம்மாவின் வயதை நினைக்கையில் அது எளிய முடிவன்று. அடுத்த கோடையில் அவருடைய முழங்கால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தயங்கித் தயங்கித்தான் அவரிடம் சொன்னேன். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்: “மலை எங்கயும் போயிடாது வாப்பா. நாம போய்ச் சேரணுமே, அதைப் பாரு.”

ஓராண்டு சேமித்தோம். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் ஓடிய, பெட்ரோல் இயந்திரம் கொண்ட ஒரு டன் வண்டி ஒன்று தனிநபரிடம் விலைக்கு வந்தது. பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம். முன்னிருக்கை நீள் பலகை போன்றது, ஆறு பேர் அமரலாம். தொட்டி எட்டடி நீளம். தொட்டி குட்டையாக இருந்தால், கூர்மையாகத் திரும்பும்போது கேம்பரின் முன்மூலை ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியில் இடிக்க வாய்ப்புண்டு. அதற்கெனப் பின்னே நகரும் ஹிட்ச் தனியே வாங்க வேண்டும். எட்டடித் தொட்டியில் அந்தக் கவலை இல்லை.

அந்த உரிமையாளரை நான் மறக்க மாட்டேன். அவர் முஸ்லிம் அல்லர். நான் கேட்பதற்கு முன்பே வண்டியின் அடியில் துருப்பிடித்த இடத்தைக் காட்டினார். பின் டயர்கள் பழையன, மாற்றிவிடுங்கள் என்றார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டறிந்த நபியவர்கள் (ஸல்), அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த ஹதீஸை எத்தனையோ முறை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை ஓதாத ஒருவர் அன்று அதன்படி நடந்தார்.

மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டும் வண்டிகளில் அந்த மஞ்சள் வில்லை இல்லாமலும் இருக்கலாம். அப்போது கதவுச் சட்டத்திலுள்ள சான்று வில்லையில் மொத்த எடை வரம்பைப் பார்த்து, அதிலிருந்து வண்டியின் உண்மையான வெற்று எடையைக் கழிக்க வேண்டும். இந்த வண்டியின் வரம்பு 10,700. உரிமையாளரின் சம்மதத்துடன், நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்திலுள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். டேங்க் நிறைய எரிபொருளுடன், என் எடையைக் கழித்தபின் 6,800. ஆக, சுமைத் திறன் 3,900 பவுண்டு. எங்கள் தேவை 3,550. டீசலைவிட மலையேற்றத்தில் இது மெதுவாகத்தான் போகும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து பெட்ரோல் இயந்திரத்தின் சக்தியும் குறையும். மெதுவாகப் போவதில் எங்களுக்கு நஷ்டமில்லை. ரொக்கம் கொடுத்து, இருவரும் கையெழுத்திட்டு வாங்கினோம். மறுநாளே டயர்களை மாற்றினேன்.

டெக்சாஸில் டிரக், கேம்பர் இரண்டின் வரம்புகளும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, கேம்பரும் 10,000 பவுண்டைத் தாண்டினால், சொந்தப் பயணத்துக்கும் உயர்வகை ஓட்டுநர் உரிமம் தேவை. எங்களுடையவை சேர்ந்து 22,700. சாதாரண உரிமமே போதும். இவ்வகை வண்டி வாங்க நினைப்போர் இதையும் முன்கூட்டியே கணக்கிடுவது நலம்.

புறப்படுமுன், எல்லாவற்றையும் ஏற்றி, எல்லோரும் அமர்ந்த நிலையில் மீண்டும் எடைமேடைக்குச் சென்றோம். முன் அச்சு, பின் அச்சு, கேம்பரின் அச்சுகள் எனத் தனித்தனியே எடை தரும் மேடை அது. டிரக்கின் இரு அச்சுகளிலும் சேர்த்து 10,200. வரம்புக்கு 500 பவுண்டு குறைவு. கேம்பரின் அச்சுகளில் 9,260. கிங்பின் வழியே டிரக்கில் இறங்கிய 2,350-ஐக் கூட்டினால் கேம்பரின் முழு எடை 11,610, அதுவும் வரம்புக்குள். அந்தச் சீட்டை என் மூத்த மகன் வாங்கிப் படித்துவிட்டு, “வாப்பா, மறுமையிலயும் இப்படி ஒரு சீட்டுத் தருவாங்கதானே?” என்று கேட்டான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

நியூ மெக்சிகோவுக்கும் கொலராடோவுக்கும் இடையிலுள்ள ராட்டன் கணவாய் 7,834 அடி உயரத்தில் உள்ளது. ஏற்றத்தில் லாரிகளின் வரிசையிலேயே ஊர்ந்தோம். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இயந்திரத்தின் பிடிமானத்திலும் கேம்பரின் பிரேக்கிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தினேன். பிரேக் மிதியில் நான் அழுந்தி நிற்க வேண்டிய தேவை வரவில்லை. பின்னிருக்கையில் உம்மா உறங்கிக்கொண்டிருந்தார். எல்லையைக் கடந்தபின் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். உளூவுக்குரிய நீர் எங்களுடனேயே வந்திருந்தது.

எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மீறிய சுமையை அல்லாஹ் சுமத்துவதில்லை என்பது அல்பகரா அத்தியாயத்தின் இறுதி வசனம் தரும் ஆறுதல். நமக்கு அவன் காட்டும் இந்தக் கருணையை, நம் கைக்குள் அவன் வசப்படுத்தித் தந்தவற்றிடம் நாம் காட்டுகிறோமா? டிரக் மட்டுமன்று, நம் மகனின் படிப்பு, மருமகளின் வேலை, பணியாளின் நேரம், நம் சம்பளத்தின் மீது நாம் ஏற்றும் கடன் என ஒவ்வொன்றுக்கும் கதவோரத்தில் ஒரு வில்லை உண்டு. விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு அந்த வில்லையைக் குனிந்து படிப்போமாக.

பயணத்தில் உள்ள அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பாக அவரவர் இல்லத்தாரிடம் சேர்ப்பானாக. நம் வாகனங்களையும் வருமானத்தையும் வட்டியின் நிழல் படாமல் காப்பானாக. ஆமீன்.