ஓட்டத்தில் தெரியாத குறைவு



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, நாசரேத்துக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மூத்த தாயார் ஒருவர் மரணப்படுக்கையில் இருந்தார். போதகர் வந்து ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். உடனே காரில் புறப்பட்டேன். பாதி வழியில் பின்பக்க டயர் ஒன்று கிழிந்தது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தேன்; அதிலும் காற்று இல்லை.

வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாயார் கண்மூடியிருந்தார். "அம்மா கடைசிவரை உங்களைத்தான் கேட்டார்கள், ஐயா" என்றார் மகன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரும் பாரமாயிற்று.

அந்த டயர் ஒரே நாளில் கெட்டதன்று. "காற்று குறைவாகத் தெரிகிறதே" என்று என் மனைவி இருமுறை சொல்லியிருந்தார். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்ந்து, சூடேறிப் பலமிழக்கிறது. நானோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இப்பொழுது மாதம் ஒருமுறை, வீட்டு வாசலிலேயே விடியற்காலையில் நானே அளக்கிறேன். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் நிரப்ப வேண்டிய அளவு உள்ளது. என் காருக்கு 33 பி.எஸ்.ஐ. டயரின்மேல் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவேயன்றி, நிரப்ப வேண்டிய அளவன்று. வால்வு மூடியைக் கழற்றி, கேஜை நேராக அழுத்திப் பார்க்கிறேன். குறைந்தால் காரின் 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறு பம்பினால் நிரப்புகிறேன். மிகுந்தால் வால்வின் நடு ஊசியை அழுத்திச் சிறிது வெளியேற்றுகிறேன். மிகையான காற்றும் டயரின் நடுப்பகுதியைத் தேய்த்துச் சாலைப் பிடிப்பைக் குறைக்கும். மறுபடியும் அளந்து மூடியைத் திருகுகிறேன். ஸ்டெப்னியையும் விடுவதில்லை.

ஏன் விடியற்காலையில்? அளக்குமுன் வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் கூடும். குறைவுள்ள டயரும் நிறைவுள்ளதுபோல் கேஜில் தோன்றும். இதை அறிந்தபோது என் உள்ளம் குத்துண்டது. ஞாயிறு ஆராதனையின் அனலில், பிரசங்கத்தின் வேகத்தில் என் ஆத்துமாவை அளந்து, நிறைவாயிருக்கிறேன் என்று எத்தனை முறை எண்ணியிருக்கிறேன்! உண்மையான அளவு திங்கட்கிழமை காலையில், பாட்டும் கூட்டமும் இல்லாத அமைதியிலன்றோ தெரிகிறது?

பத்துக் கன்னிகைகளின் உவமையை நினைத்துப் பாருங்கள். எல்லாரிடமும் தீவட்டி இருந்தது. சிலரிடம் போதிய எண்ணெய் இல்லையென்பது நள்ளிரவில்தான் வெளியாயிற்று. என்னிடமும் ஸ்டெப்னி இருந்தது.

அருமையானவர்களே, நாளைக்கு என்று நீங்கள் தள்ளிவைத்திருப்பது எது? கேட்க வேண்டிய மன்னிப்பா? சந்திக்க வேண்டிய முதியவரா? விட்டுப்போன காலை ஜெபமா? அழைப்பு வரும் இரவில் அளந்து பார்க்க நேரமிராது. இன்றே, அமைதியான வேளையில், தேவ சமுகத்தில் நில்லுங்கள்.

ஆண்டவரே, நாங்கள் ஓடும்போது காணாத குறைவை, நிற்கும்போது எங்களுக்குக் காட்டி, உம்முடைய கிருபையினால் நிரப்பும். ஆமென்.