தண்ணீர்மலையிலிருந்து இறங்கிய ஆறு

பினாங்கில் வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர்மலை என்றால் முருகன் கோயில்தான். தைப்பூசத்துக்குப் பால்குடத்தின் பின்னால் நடப்போம், தேங்காய் உடைபடுவதைப் பார்ப்போம், பந்தலில் மோர் வாங்கிக் குடிப்போம். பக்கத்தில் ஓடுகிற ஆற்றை இரண்டாம் படிவம் வரைக்கும் நான் நின்று பார்த்ததாக நினைவில்லை.

1999-இல் எங்கள் இடைநிலைப்பள்ளியில் புறப்பாடத்துக்கு ஏதாவதொரு கழகத்தில் சேர்ந்தாக வேண்டும். பூப்பந்தில் இடமில்லை, சுற்றுச்சூழல் கழகத்தில் இருந்தது. மரம் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அறிவியல் டீச்சரோ சனிக்கிழமை காலை பழைய காலணி போட்டுக்கொண்டு தாவரவியல் பூங்கா வாசலில் நிற்கச் சொன்னார். 1884-இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று உருவாக்கிய பூங்கா அது. அதற்கு மேலே இருக்கிற அருவியின் தண்ணீரைத்தான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஜார்ஜ்டவுன் குடித்து வந்திருக்கிறது.

டீச்சர் கொண்டுவந்தவை கைவலை, வெள்ளைத் தட்டு, பூதக்கண்ணாடி, அவ்வளவுதான். ஒருவர் ஓட்டத்துக்கு எதிரே வலையைப் பிடிக்க, இன்னொருவர் சற்று மேலே நின்று கல்லைக் காலால் கிளற வேண்டும். வலையில் வந்ததைத் தட்டில் கொட்டி அசையாமல் பார்க்க வேண்டும். முதலில் வெறும் மணலும் சருகும். கொஞ்ச நேரத்தில் சருகு ஒன்று நடந்தது! உடம்பைச் சுற்றி மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட புழு. வளர்ந்தால் சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்றார் டீச்சர். அதன் பக்கத்தில் மூன்று வால்களோடு ஒரு பூச்சிக்குஞ்சு, வயிற்றின் இரு பக்கமும் செவுள் படபடக்க. உயிர்வளி நிறைந்த தண்ணீரில்தான் இவை வாழும்.

பிறகு ஆற்றின் போக்கிலேயே கீழே இறங்கினோம். ஆயர் ஈத்தாமிலிருந்து வரும் ஆற்றோடு கலந்தபின் இதற்குச் சுங்கை பினாங்கு என்று பெயர். ஊருக்குள் புகுந்து ஜெலுத்தோங் பக்கம் கடலில் சேர்கிறது. நாட்டின் மிக மோசமாக அசுத்தப்பட்ட ஆறுகளில் ஒன்றென்று அப்போதே பேர் எடுத்திருந்தது. கரையோரம் வலையைப் போட்டால் பூச்சிக்கு முன்னால் பிளாஸ்டிக் பை வந்தது. (பத்து வருடம் கழித்து, 2009 ஜூலையில், கடைகளில் திங்கட்கிழமை மட்டும் இலவசப் பை கிடையாது என்று மாநில அரசு அறிவித்தது. 2011 முதல் அது தினமும் என்றாகி, ஒரு பைக்கு 20 சென் கேட்டபோது ஊரில் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு மனநிறைவாக இருந்தது.) பைக்கு அடியில் கறுப்புச் சேறு, சேற்றில் சிவப்புப் புழுக்கள். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் அவற்றுக்கும் உண்டு. உயிர்வளி குறைந்த இடத்திலும் அவை பிழைப்பது அதனால்தான். காலையில் பார்த்த எதுவுமே அங்கே இல்லை.

சுற்றுச்சூழல் துறை ஓர் ஆற்றின் தரத்தை 6 அளவைகளால் கணக்கிடுகிறது. உயிர்வளி, அம்மோனியா நைட்ரஜன், அமில காரத் தன்மை எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் அவற்றையும் படித்தேன்; அவை தேவைதான். ஆனாலும் பதினான்கு வயதில், உள்ளங்கையில் நெளிந்த அந்தச் சிவப்புப் புழுதான் ஆற்றின் நிலையை எனக்குப் புரியவைத்தது.

மறுவாரம் டீச்சர் வரைபடத்தை விரித்து, அவரவர் வீட்டு லோங்காங், அதாவது சாக்கடை, எங்கே போய்ச் சேர்கிறது என்று தேடச் சொன்னார். என் விரல் டத்தோ கெராமாட் சாலையில் மாமாவின் மீ கோரெங் கடையிலிருந்து கிளம்பி நேரே ஆற்றில் போய் நின்றது. இரவு கடை கட்டும்போது சட்டியில் மிஞ்சிய எண்ணெய் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

"மாமா, பழைய எண்ணெய ஊத்தாதீங்க. எங்களுக்குக் குடுங்க, சோப்பு செய்யப் போறோம்."

"எண்ணெயில எப்படிம்மா சோப்பு வரும்?" என்றார். ஆனாலும் மறுநாளே ஒரு பிஸ்கட் டின்னை ஒதுக்கி வைத்துவிட்டார்.

எண்ணெயைத் துணியில் வடிகட்டினோம். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும், தண்ணீரை அதன் மேல் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். இதை டீச்சர் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, சன்னலைத் திறந்துவைத்து, கலவை கஞ்சி பதத்துக்கு வரும்வரை மாற்றி மாற்றிக் கிண்டினோம். பாண்டான் இலைச் சாறு விட்டும் வறுத்த வெங்காய வாசம் போகவில்லை. பால் பெட்டிகளில் ஊற்றி, காரம் அடங்க ஒரு மாதம் ஆறவைத்தோம்.

மாமா அதைப் போட்டு இரும்புச் சட்டியைத் தேய்த்துப் பார்த்து, பக்கத்துச் சார் குவே தியாவ் அங்கிளிடம் ஒரு கட்டியை நீட்டினார். அவர் அடுத்த கடைக்குச் சொன்னார். இரண்டாம் தவணைக்குள் பள்ளியின் பின்வாசலில் எண்ணெய் டின்கள் வரிசை கட்டிவிட்டன. எங்களால் சமாளிக்க முடியாமல், டீச்சர் நான்காம் படிவத்து அண்ணன்களையும் அக்காக்களையும் கிண்டுவதற்கு அழைத்துவந்தார்.