வாக்கும் வாய்க்குழறலும்

மாலை வகுப்பில் சேர்ந்து ஜெர்மன் பயின்று வருகிறேன். ஒரு நாள் ஆசிரியை, "ஞாயிறன்று எங்களோடு படம் பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டார். ஞாயிறு நான் வீட்டிற்குக் கடிதம் எழுதும் நாள். வாரம் ஒரு கடிதம், அதுவும் தமிழில் எழுதுவதாக, தில்லிக்கு இரயில் ஏறும்போது அம்மாவுக்கு வாக்களித்திருந்தேன். அதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது! 'மிஹ்' என்னும் சிறு சொல்லொன்றை இடையில் வேண்டாமல் சேர்த்துவிட்டேனாம். 'வாக்களித்தேன்' என்பது 'வாய் குழறினேன்' என்றாகிவிட்டது.

இரண்டிற்கும் வினை ஒன்றே: 'ஃபெர்ஷ்பிரெஹென்'. 'ஷ்பிரெஹென்' என்றால் பேசுதல். முன்னே நிற்கும் 'ஃபெர்' செய்யும் மாயந்தான் மற்றவை. 'கௌஃபென்' வாங்குதல், 'ஃபெர்கௌஃபென்' விற்றல். 'லெர்னென்' கற்றல், 'ஃபெர்லெர்னென்' கற்றதை மறத்தல்.

ஓர் ஒட்டுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? நூலகத்தில் விடை கிடைத்தது. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா விவிலியத்தை மொழிபெயர்த்த காதிக் மொழியில் 'ஃப்ரா', 'ஃபோர்', 'ஃபேர்' என மூன்று தனி ஒட்டுகள் இருந்தன. ஜெர்மனில் அவை தேய்ந்து ஒன்றாகிவிட்டன. மூன்று ஆறுகள் கூடிய இடத்தில் நீரைப் பிரிக்க முடியுமா? ஆங்கில 'ஃபர்கெட்', 'ஃபர்கிவ்' என்பவற்றின் தலையிலும் இதன் உறவே அமர்ந்திருக்கிறது. பழைய 'ப' ஒலி ஜெர்மானிய மொழிகளில் 'ஃப' ஆனதை 1822-இல் யாக்கோப் கிரிம் விளக்கினார். அவ்வழியே வடமொழியின் 'ப்ர', 'பரி' என்பனவும் இதற்கு உறவு. பின்னொட்டுகளையே அடுக்கிச் செல்லும் நம் தமிழிலும் 'பிரயாணம்', 'பரிசோதனை' எனக் கடன் வந்த சொற்களில் அவ்வுறவினர் குடியிருக்கின்றனர்.

அந்த ஞாயிறு கடிதம் எழுத உட்கார்ந்தேன். சன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடம் தெரியவில்லை. அதை எழுத நினைத்தேன். 'கோஹ்ரா' என்ற இந்திச் சொல் வந்தது. 'ஃபாக்' வந்தது. 'மூடுபனி' வரப் பத்து நிமிடமாயிற்று. 'ஃபெர்லெர்னென்' என்பதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னோர் உண்மையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய மூன்று வாரங்களாக நான் வீட்டிற்கு எழுதவே இல்லை. வகுப்பில் நான் சொன்னது இலக்கணப்படி பிழை. என் நிலைப்படி அதுவே சரி.

அன்று நான்கு பக்கம் எழுதினேன். முதல் வரியிலேயே மூடுபனி இருந்தது.