ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு அத்தியாயம்

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவிக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி கேட்டான், "அங்கிள், எப்பவும் மகாபாரதம் பேசுறீங்களே, எங்க படிச்சீங்க?"னு. அங்கேயே நின்னு பதில் சொன்னா விடிஞ்சிடும். அதனால் இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2014இல் நான் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பேக்டரியில் நைட் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஷின் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருத்தர் இருந்தார், என்னைவிட எட்டு வயசு மூத்தவர். ராத்திரி இரண்டரை ஆனா கேன்டீன்ல ஒரு தே ஓ வாங்கி வச்சுக்கிட்டு போனுக்குள்ளேயே தலையை விட்டுடுவார். ஏதோ நம்பர் பார்க்கிறார்னு நெனச்சேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இந்தியாவில் இப்பதான் மணி பன்னிரண்டு தம்பி. ஜெயமோகன் இன்னைக்கு அத்தியாயம் போட்டுட்டார்."

நாகர்கோவில்ல இருக்கிற எழுத்தாளர் ஜெயமோகன், முன்னே டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவர். 2014 ஜனவரி 1ஆம் தேதி மகாபாரதத்தை நாவலா எழுத ஆரம்பிச்சார். பேர் 'வெண்முரசு'. பத்து வருஷம் ஆகும்னு திட்டம் போட்டு, தினம் ஒரு அத்தியாயம் இணையத்தில் இலவசமா போட்டார். ஒரு நாவல் முடிஞ்சா சில வாரம் ஓய்வு, பிறகு அடுத்தது. 2020 ஜூலையில் முடிச்சார். மொத்தம் 26 நாவல், 22,000 பக்கத்துக்கு மேல்.

நான் சூப்பர்வைசர். என் புத்தி உடனே கணக்குப் போட்டது. எங்க லைன் ஒரு வாரம் நிக்காம ஓடினாலே கேக் வெட்டுவோம். இந்த மனுசன் ஆறரை வருஷம் ஓட்டியிருக்கார். அதுவும் வேற வேலை இல்லாமலா? நடுவில் 'பாபநாசம்' படத்துக்கு வசனம் எழுதினார். பயணம் போனார், கூட்டத்தில் பேசினார். 2020இல் கொரோனாவில் உலகமே கதவை மூடினப்போ, வெண்முரசோட கடைசி நாவல்களை எழுதிக்கிட்டே சிறுகதையும் எழுத ஆரம்பிச்சார். அது நூறைத் தாண்டிப் போச்சு.

அண்ணன் சொல்லித்தான் முதல் நாவல் 'முதற்கனல்' தொடங்கினேன். உண்மையைச் சொல்லணும், முதல் பத்து நாள் ஒண்ணும் புரியல. நான் எஸ்.பி.எம். வரைதான் படிச்சவன். அதில் வர்ற தமிழ் நம்ம பேச்சுத் தமிழ் இல்ல, தேடித் தேடி எடுத்த சொல்லு. விட்டுடலாம்னு இருந்தேன். அப்புறம் அம்பை வந்தா. பீஷ்மர் தூக்கிட்டு வந்து, சால்வன் ஏத்துக்காம, யாருக்கும் வேண்டாதவளா நின்ன பொண்ணு. டிவியில் பார்த்தப்போ அவ கோபக்காரினு மட்டும்தான் தெரிஞ்சது. இங்கே படிச்சிட்டு அன்னைக்கு லைனுக்குத் திரும்பினப்போ, என் கீழே வேலை செய்ற பிள்ளைங்க முகத்தை நேரா பார்க்க முடியல. அதிலேருந்து விடலை.

சாமி கதையை மாத்தி எழுதலாமான்னு நம்ம கோயில்லேயே சிலர் கேட்டீங்க. எனக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. அதில் வர்ற கண்ணன் எப்பவும் நம்ம சன்னதியில் நிக்கிற கண்ணன் மாதிரி இல்ல, அரசியல் பண்றவரா, களைச்சுப் போனவரா கூட வர்றார். ஆனா ராதையைப் பத்தின 'நீலம்' படிச்சா அந்தச் சந்தேகம் கரைஞ்சிடும். எனக்குக் கரைஞ்சது. உங்களுக்கு எப்படியோ.

அண்ணனுக்கு இன்னொரு பயம். "பெரிசா ஆரம்பிச்சிட்டார், முடிக்கணுமே"ம்பார். கல்கியைத்தான் உதாரணம் சொல்வார். 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954இல் முடிஞ்சது. அதே 1954 டிசம்பரில் கல்கி காலமானார். அப்போ எழுதிக்கிட்டிருந்த 'அமரதாரா' பாதியில் நின்னுபோய், அவர் மகள் ஆனந்திதான் முடிச்சாங்க. "அவருக்கு மகள் இருந்துச்சு. இதை யாரு முடிப்பா?"

எழுதினவருக்கு ஒண்ணும் ஆகல. 2018இல் அண்ணனுக்குத்தான் கிட்னி போச்சு. அப்போ ஓடினது 'திசைதேர் வெள்ளம்', பீஷ்மர் தளபதியா நின்ன பத்து நாள் போர். ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் மங்கிட்டதால நான்தான் ஷிப்ட் முடிஞ்சு காலையில் போய்ப் படிச்சுக் காட்டுவேன். பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் கூட, புரியலேன்னாலும், ரேடியோவை அணைச்சிட்டு உட்கார்ந்திருப்பார். "கதை தெரிஞ்சதுதானே அண்ணே, பீஷ்மர் விழத்தானே போறார்"னு ஒருநாள் கேட்டேன். "விழுவார்னு தெரியும். எப்படி விழறார்னுதான் தெரியணும்" என்றார். பீஷ்மர் அம்புப் படுக்கையில் விழறதுக்கு முன்னாடியே அண்ணன் போயிட்டார்.

பத்து பன்னிரண்டு நாள் நான் போனைத் திறக்கவே இல்ல. அப்புறம் விட்டதெல்லாம் சேர்த்து ஒரே ராத்திரியில் படிச்சேன், அதே கேன்டீன் மேசையில்.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, எனக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கு. எங்கம்மா 'அல்லி அரசாணி மாலை' பாடுவாங்க. அர்ச்சுனன் மதுரை ராணி அல்லியைக் கட்டின கதை, வியாசர் பாரதத்தில் கிடையாது, நம்ம ஜனங்க சொல்லி வச்சது. சின்ன வயசுல தோட்டத்தில் பாட்டி பாடக் கேட்டுக் கத்துக்கிட்டது. அம்மா பாடறதில் பால்மரமும் வரும், கங்காணியும் வருவான், கப்பலும் வரும். எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. எழுதி வைங்கன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தார். வெண்முரசு முடியட்டும்னேன். முடிஞ்சது. தைப்பூசத் தண்ணீர் பந்தல் வேலை முடியட்டும்னேன். ஒவ்வொரு வருஷமும் ஒரு பந்தல் வந்துச்சு. அவர் 26 நாவல் எழுதின காலத்தில் நான் ஒரு நோட்டுப் புத்தகம்கூட நிரப்பல.

இப்போ அம்மாவுக்கு 82 வயசு. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில் இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி என்னைப் பார்த்து "ஐயா, நீங்க எந்த வீடு?"னு கேட்டாங்க. அடுப்படியில் போய் நின்னுக்கிட்டேன். ஆனா முதல் வரியை எடுத்துக் கொடுத்தா அல்லி இன்னும் வர்றா. சில நாள் நாலு வரி, சில நாள் இருபது. நடுவில் வரி தாண்டிப் போயிடுது, ஒருநாள் வந்த துண்டு மறுநாள் வர்றதில்ல.

அன்னைக்கு ராத்திரியே தொடங்கிட்டேன். இப்போ நான் பகல் ஷிப்ட். வேலை விட்டு வந்து குளிச்சு விளக்கேத்தினதும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துடுவேன். போன்ல பதிவு பண்றேன், பிறகு நோட்டுல எழுதுறேன். என் பையன் அதைத் தட்டச்சு பண்றான், என் கையெழுத்தைத் திட்டிக்கிட்டே. நேத்தோட 43 பக்கம். அல்லி இன்னும் அர்ச்சுனனைப் பார்க்கவே இல்ல.

உங்க வீட்டுப் பெரியவங்க யாருக்காவது அல்லி, பவளக்கொடி பாட்டு தெரிஞ்சா எனக்கு மெசேஜ் போடுங்க. டத்தோ கிராமாட் பக்கம்னா ஞாயிற்றுக்கிழமை நானே நேர்ல வர்றேன்.

வர்ற வெள்ளி அன்னதானத்துக்குக் காய் நறுக்க நாலு பேர் வேணும். சாயந்தரம் ஐந்து மணிக்கு. கத்தி நீங்களே கொண்டு வாங்க, கோயில் கத்தி எல்லாம் மொக்கை.