திறக்க மறுக்கும் லிப்ரே ஆபீஸ்

நாளை அசைன்மென்ட் கொடுக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் லோகோ ஒரு நொடி மின்னி மறைகிறது. அவ்வளவுதான்! உடனே பலரும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். பல சமயம் பலன் இருக்காது. ஏன்? பழுது இருப்பது செட்டிங்ஸைச் சேமிக்கும் 'யூசர்' ஃபோல்டரில். மென்பொருளை நீக்கினாலும் அது அப்படியே தங்கிவிடும்.

விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆபீஸ் 'சேஃப் மோட்' இருக்கும். அதில் திறந்துகொண்டால் சந்தேகம் அந்த ஃபோல்டர் மேல்தான். லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு, ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரே ஆபீஸ், 4 என்று வரிசையாகப் போனால் 'யூசர்' கிடைக்கும். அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்று தானே உருவாகும். அகராதியில் சேர்த்த சொற்களும் டெம்ப்ளேட்டுகளும் பழையதில் பத்திரமாக இருக்கும்.

டாகுமென்ட்ஸில் உள்ள அசைன்மென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது!