ஈட்டியும் மஹோகனியும்

ரசனை என்று பேச ஆரம்பிக்கிற எவனும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் போய் இடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டது காதா, அல்லது காதுக்கு முன்பே போய் உட்கார்ந்துகொண்ட பெயரா? இலக்கியத்தில் இதைச் சமாளித்துவிடலாம். ஆசிரியரின் பெயரை மறைத்துவிட்டுப் படிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இருந்திருந்தால் நம் விமர்சனக் கட்டுரைகளில் பாதி எழுதப்பட்டிருக்காது. ஆனால் மரத்தால் செய்த ஒரு வாத்தியத்தின் விஷயத்தில் இப்படி நழுவ முடியவில்லை.

குன்னூரில் கிட்டார் சொல்லிக்கொடுத்து ஜீவிக்கிற நண்பர் ஒருவரிடம் மார்ட்டின் கம்பெனியின் கிட்டார்கள் இரண்டு இருந்தன. ஒன்று டி-18, மற்றது டி-28. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒன்றை விற்றாக வேண்டும். எதை விற்பது என்று என்னைக் கேட்டார். எனக்கு வாசிக்க வராது. அதனால்தான் கேட்கிறேன் என்றார். “வாசிக்கிறவனுக்குத் தன் கைதான் கேட்கும், தம்பி. நீ சும்மா கேட்கிறவன்.”

இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான். அகன்ற தோள், அதிகம் குறுகாத இடுப்பு, ஆழமான உடல். பிரிட்டிஷ் கடற்படை 1906-இல் மிதக்கவிட்ட டிரெட்நாட் போர்க்கப்பலின் பெயரை, 1916-இல் பாஸ்டனின் டிட்ஸன் நிறுவனத்துக்காக மார்ட்டின் செய்த பெரிய கிட்டாருக்கு வைத்தார்கள். பென்ஸில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரிலிருந்து 1931-இல் தங்கள் சொந்தப் பெயரிலேயே இதைக் கொண்டுவந்தபோது மரத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். மேற்பலகை இரண்டிலும் ஸ்ப்ரூஸ். முதுகும் விலாவும் டி-18-இல் மஹோகனி, டி-28-இல் ரோஸ்வுட்.

ரோஸ்வுட் கனமான மரம். அதில் ஒரு தந்தியை மீட்டினால் ஸ்வரம் போன பிறகும் அதன் நிழல் போவதில்லை. கீழ் ஸ்தாயி தரையிலிருந்து எழும்புகிறது, மேலே மெல்லிய உபஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. மஹோகனி சொல்லவேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தையது விலகி இடம் விட்டிருக்கும். லா.ச.ரா. ரோஸ்வுட், அசோகமித்திரன் மஹோகனி என்று நண்பரிடம் சொன்னேன். அவர் இருவரையும் படித்ததில்லை என்பதால் அது அவருக்கு உதவவில்லை. எனக்கு உதவியது.

இந்தக் குணங்களை மரம் மட்டுமே கொண்டுவந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல். பாஞ்ஜோ, ஃபிடில், மாண்டலின் எல்லாம் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி முண்டியடித்த புளூகிராஸ் குழுக்களில் கிட்டாரின் வேலை கீழே நின்று தாங்குவது. லெஸ்டர் ஃப்ளாட் டி-28-ஐ வைத்து அந்த வேலையைச் செய்தார். அறுபதுகளின் ஆரம்பத்தில் டாக் வாட்ஸன், ஃபிடிலில் வாசிக்கும் வேகமான மெட்டுகளை டி-18-இல் ஒவ்வொரு ஸ்வரமாகப் பொறுக்கி எடுத்து வாசித்தார். இந்தக் கைகளை இசைத்தட்டுகளில் கேட்டுக் கேட்டுப் பழகியவன், ஒன்றைத் தாங்குகிற கிட்டார் என்றும் மற்றதைப் பேசுகிற கிட்டார் என்றும் பிரித்து வைத்துக்கொள்கிறான். 1968-இல் ரிஷிகேசத்துக்கு ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் கொண்டுவந்தது டி-28. அங்கே டானவனிடம் விரல்களால் மீட்டுவதை லெனன் கற்றுக்கொண்ட பின் அதே டி-28 வேறு மாதிரி பேசியது. மரம் மாறவில்லை.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ள, நண்பர் ஒரே மெட்டை இரண்டிலும் மாற்றி மாற்றி வாசித்தார். ஆறு முறையும் எது எதுவென்று சரியாகச் சொன்னேன். பிறகு கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒரு வருஷமே ஆன அவர் மகளை வாசிக்கச் சொன்னோம். வேறுபாடு கரைந்துவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டி-28-ஐ எடுத்தால் அவர் கை தன்னையறியாமல் அடித்தந்தியில் அழுந்துகிறது, நிதானிக்கிறது. டி-18-இல் அதே கை விரைகிறது. நான் ஆறு முறை கேட்டதில் மரம் எவ்வளவு, அந்த மரம் இப்படித்தான் பேசும் என்று நம்பிய மனுஷன் எவ்வளவு?

இதை விஞ்ஞான ரீதியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. முதுகும் விலாவும் மட்டுமே வேறுபடும் ஆறு கிட்டார்கள். 52 பேர், வெல்டிங் செய்கிறவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் வாசித்தார்கள். மலிவான மரத்துக்கும் விலையுயர்ந்த மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்களில் பேசும்படியான வித்தியாசம் இல்லை. வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். மதிப்பீட்டாளர் கல்லில் உரைத்துப் பார்த்துத் தொகையைச் சொல்கிறார். பெட்டியின் மேல் எந்தக் கடையின் பெயர் இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. விமர்சகனுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை.

இருந்தும் அந்த ஆய்வு என் பிரச்னையைத் தீர்க்கவில்லை. பெயரைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவதுதான் கலை என்று அது சொல்வதுபோல் படுகிறது. ஒரு நம்பிக்கை கையை மாற்றி, கை ஒலியை மாற்றினால், அந்த ஒலி பிரமை அல்ல. அது காற்றில் இருக்கிறது. நான் கேட்டேன். டி-28-ஐ விற்றுவிடுங்கள் என்றேன். அதற்குத்தான் விலை அதிகம் கிடைக்கும் என்பது முதல் காரணம். ரோஸ்வுட்டின் முழக்கத்தில் அவருடைய சோம்பல் ஒளிந்துகொள்கிறது, மஹோகனியில் ஒளிய இடமில்லை என்பது இரண்டாவது. இரண்டாவதை அவரிடம் சொல்லவில்லை. அந்த மாதமே விற்றுவிட்டார்.

ரோஸ்வுட் என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். நம் ஊரில் அது ஈட்டி, தோதகத்தி. டி-28-இன் முதுகுக்கு 1969 வரை பிரேஸில் மரம். அது கிடைப்பது அரிதானதும் இந்திய மரத்துக்கு மாறினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில், வயநாட்டிலும் குடகிலும் காப்பித் தோட்டங்களுக்கு நிழலாக நிற்கிற அதே மரம்தான். மாற்றத்துக்கு முந்தைய கிட்டார்கள் இன்று பல மடங்கு விலைக்குப் போகின்றன. பிரேஸிலின் ஒலியில் ஒரு கண்ணாடித்தன்மை உண்டு, இந்திய மரம் அதற்கு ஒரு படி கீழே என்கிறார்கள். லான்காஸ்டரின் ஆறில் இந்த இரண்டு மரங்களும் இருந்தன. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் படி தட்டுப்படவில்லை.

மரத்துக்கு மட்டும் இது விளையாட்டாக இருக்கவில்லை. பிரேஸில் ரோஸ்வுட்டின் சர்வதேச வர்த்தகம் 1992-இல் தடை செய்யப்பட்டது. தோதகத்தியைப் பாதுகாக்கத் தமிழக அரசு 1994-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கிற மரத்தைக்கூட அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்றது. 2017-இல் இந்த மர இனம் முழுவதுமே சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் கிட்டார்களுக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. 2019-இல்தான் வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது.

இப்போது மார்ட்டினின் மலிவு ரகங்களில், காகிதத்தைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகையையே முதுகாக வைத்து, அதன்மேல் ரோஸ்வுட்டின் ரேகைகளை அச்சடித்துத் தருகிறார்கள். நண்பரிடம் பழக வருகிற பையன் ஒருவன் அப்படி ஒன்றை வைத்திருக்கிறான். அடித்தந்தியில் நிதானமாக அழுத்தி வாசிக்கிறான்.